ஐரோப்பியக் குடியுரிமை: தருவது யார், பறிப்பது யார்?

எஸ்டோனிய நாட்டுப் பெண் ஒருவர் ஆஸ்திரியாவில் வாழ்ந்துகொண்டு, 2008-ல் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். இரட்டைக் குடியுரிமையை ஆஸ்திரியா பொதுவாக ஏற்பதில்லை. எஸ்டோனியக் குடியுரிமையை விட்டுவிட்டதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் சான்று காட்டினால் ஆஸ்திரியக் குடியுரிமை தரப்படும் என்று 2014-ல் அவருக்கு எழுத்துபூர்வ உறுதி கிடைத்தது. அவரும் சொன்னபடி செய்தார். 2015 ஆகஸ்டில் எஸ்டோனியக் குடியுரிமை முடிவுக்கு வந்தது. 2017-ல் வியன்னா மாநில நிர்வாகம் அந்த உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாகனப் பரிசோதனை வில்லையைக் கண்ணாடியில் ஒட்டாததும், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதும், அதற்கு முன்பே இருந்த எட்டு நிர்வாக விதிமீறல்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பழையது போயிற்று, புதியது வரவில்லை. அவர் நாடற்றவர் ஆனார். நாட்டை மட்டுமல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகள் என்ற தகுதியையும் அவர் இழந்தார். குடியுரிமை இருந்தது ஓர் உறுப்பு நாட்டில், வாழ்ந்தது இன்னோர் உறுப்பு நாட்டில். இரண்டு உறுப்பு நாடுகளின் சட்டங்களும் அதனதன் வழியில் சரியாக நடந்துகொண்டதாகவே சொல்லிக்கொண்டன. இடையில் விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றியத்திடம் சொந்தமாக எதுவும் இல்லை. 2022 ஜனவரியில் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் குறுக்கிட்டு, செய்த பிழைக்கும் கிடைத்த தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. நான்கரை ஆண்டுகள் அதற்குள் ஓடிவிட்டன.

விதிவிலக்கான நிர்வாகக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் குடியுரிமையைக் கட்டியிருக்கும் முறையிலேயே இந்தப் பள்ளம் இருக்கிறது. 1992 பிப்ரவரியில் கையெழுத்தாகி 1993 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்தான் ஒன்றியக் குடியுரிமையை உருவாக்கியது. எந்த உறுப்பு நாட்டிலும் சென்று வாழலாம், வேலை செய்யலாம். வாழும் நாட்டின் உள்ளாட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். தன் நாட்டுத் தூதரகம் இல்லாத வெளிநாட்டில் வேறோர் உறுப்பு நாட்டின் தூதரகத்தில் உதவி கேட்கலாம். உலகில் வேறெந்த நாடுகளின் கூட்டமைப்பும் தன் மக்களுக்கு இவ்வளவு தந்ததில்லை. ஆனால் இவற்றைப் பெறுவதற்கான தகுதியை ஒப்பந்தம் ஒரே வரியில் முடித்துவிட்டது: உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை உள்ளவரே ஒன்றியக் குடிமகன். யாருக்குக் குடியுரிமை தருவது என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். ஒன்றியம் யாரையும் தானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. யாரையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும் முடியாது. இவ்வளவு எச்சரிக்கையாக எழுதியும் டென்மார்க் மக்கள் 1992 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் நூலிழையில் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஒன்றியக் குடியுரிமை எந்த வகையிலும் நாட்டுக் குடியுரிமையின் இடத்தைப் பிடிக்காது என்று அவ்வாண்டு டிசம்பரில் எடின்பரோவில் தலைவர்கள் கூடி உறுதி தந்தார்கள். அடுத்த ஆண்டு மறுவாக்கெடுப்பில் டென்மார்க் இசைந்தது. அந்தச் சமரசம் அரசியல் தேவையால் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே அசைக்க முடியாத கோட்பாடாக வைத்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒரே வீட்டுக்கு 27 வாசல்களும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவலரும் இருக்கும் நிலைதான் இன்று இருப்பது. எந்த வாசலில் நுழைந்தாலும் வீடு முழுவதும் நடமாடலாம் என்பதால், ஒவ்வொரு காவலரின் முடிவும் மற்ற 26 பேரையும் கட்டுப்படுத்துகிறது. ஸ்பெயின் நாட்டில் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வாழ்ந்தால்தான் குடியுரிமை. லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கு இரண்டே ஆண்டுகள். இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, இத்தாலிய மொழியிலேயே படித்து வளரும் குழந்தை 18 வயது வரை காத்திருக்க வேண்டும். இத்தாலியை ஒருமுறைகூடப் பார்த்திராத அர்ஜென்டினாக்காரரோ, கொள்ளுத் தாத்தா இத்தாலியர் என்ற சான்றைக் காட்டி, 2025 வரை எளிதாகக் குடியுரிமை பெற்றார். அந்தக் கணமே பாரிஸிலும் பெர்லினிலும் வாழும் உரிமையையும் பெற்றார். 2025-ல் இத்தாலி அந்த வாசலைப் பெற்றோர், தாத்தா-பாட்டி என்ற எல்லையோடு குறுக்கியது. அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டவர் பத்து ஆண்டுகளுக்குப் பதில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாலே விண்ணப்பிக்கலாம் என்று மாற்றக் கோரிய பொது வாக்கெடுப்பு, சுமார் 30 விழுக்காட்டினர் மட்டுமே வாக்களித்ததால் செல்லாமல் போனது. இத்தாலியக் குடிமகன் யார் என்பதோடு முடிந்துவிடும் கேள்வியாக இருந்தால் இது இத்தாலியரின் விவகாரம் மட்டுமே. 45 கோடி மக்கள் வாழும் ஒரு பெருநிலத்தில் யார் சமமானவர் என்பதையும் சேர்த்தே அந்த வாக்கெடுப்பு தீர்மானித்தது.

இந்த ஏற்பாட்டின் முரண்பாடு மால்டாவில் அப்பட்டமாக வெளிப்பட்டது. மத்திய தரைக் கடலின் அந்தச் சின்னஞ்சிறு தீவு நாடு, 2020-ல் வகுத்த திட்டத்தின்படி, 6 லட்சம் யூரோ செலுத்தி மூன்று ஆண்டு காத்திருப்பவருக்கும், 7.5 லட்சம் யூரோ செலுத்தி ஓராண்டு காத்திருப்பவருக்கும் குடியுரிமை வழங்கியது. அங்கே ஒரு வீட்டை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். மற்றபடி உண்மையில் அங்கே குடியிருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெயரளவில்தான். வாங்கியவர்களை ஈர்த்தது மால்டாவின் கடற்கரை அல்ல; மால்டா பாஸ்போர்ட் திறந்துவிடும் மற்ற 26 நாடுகள். தனக்குச் சொந்தமில்லாத சரக்கை மால்டா விற்றது என்பதே இதன் பொருள். சைப்ரஸும் இதே வியாபாரத்தை நடத்தி, ஊழல் அம்பலமானதும் 2020-ல் நிறுத்தியது. ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மால்டாவின் திட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. குடியுரிமை என்பது ஒரு நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் இடையிலான ஒற்றுமையும் நல்லெண்ணமும் சார்ந்த உறவு, அதைச் சரக்காக்கக் கூடாது என்றது நீதிமன்றம். நான் இந்தத் தீர்ப்பை வரவேற்கிறேன். அதிலிருந்து பிறக்கும் முடிவை ஐரோப்பியத் தலைவர்கள் எதிர்கொள்ளத் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாடு தகுதியில்லாதவரைச் சேர்ப்பது ஒன்றியத்தின் கவலை என்றால், தகுதியுள்ளவரைச் சேர்க்க மறுப்பதும் ஒன்றியத்தின் கவலையாகத்தானே இருக்க வேண்டும்?

லாத்வியாவில் அப்படி மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991-ல் விடுதலை பெற்ற லாத்வியா, 1940-ல் சோவியத் படை நுழைந்தபோது குடிமக்களாக இருந்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் மட்டுமே தன் குடிமக்களாக ஏற்றது. சோவியத் காலத்தில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் பகுதிகளிலிருந்து வந்து தங்கியவர்களும், அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள். 1995-ல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கு 'குடிமக்கள் அல்லாதோர்' என்ற பெயரையே சட்டபூர்வத் தகுதியாக்கியது. அப்போது அவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர்; மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேல். மொழித் தேர்வும் வரலாற்றுத் தேர்வும் எழுதிப் பலர் பின்னர் குடியுரிமை பெற்றார்கள். ஆனாலும் 2004 மே மாதம் லாத்வியா ஒன்றியத்தில் சேர்ந்த நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நிலையிலேயே இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த மண் ஒன்றியத்துக்குள் வந்தது, அவர்கள் வரவில்லை. ஜெர்மனியிலிருந்து சென்ற வருடம் ரீகா நகருக்குக் குடிபெயர்ந்தவர் அந்நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ரீகாவிலேயே பிறந்து, அங்கேயே உழைத்து, வரி கட்டி, ஓய்வு பெற்ற மூதாட்டி வாக்களிக்க முடியாது. பெற்றோர் இருவரும் குடிமக்கள் அல்லாதோராக இருந்தாலும் குழந்தை பிறக்கும்போதே லாத்வியக் குடியுரிமை பெறும் என்ற சட்டம் 2020 ஜனவரியில்தான் வந்தது. நீண்ட ஆக்கிரமிப்பில் தன் மொழியையும் மக்கள்தொகை வலிமையையும் இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட சிறிய இனத்தின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அச்சத்துக்கு வரலாறு சாட்சி. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை, ஆக்கிரமிப்பை முடிவுசெய்த மாஸ்கோவின் தலைவர்கள் கொடுக்கவில்லை. ஆலை வேலைக்கு வந்தவரின் மகன் கொடுத்தான். ஒன்றியம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2007 முதல் விசா இல்லாமல் பயணம் செய்யும் சலுகையை அவர்களுக்குத் தந்தது. வேறு நாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தரவில்லை.

சேர்ப்பதில் கைகட்டி நின்ற ஒன்றியம், பறிப்பதில் மெல்ல மெல்லக் குறுக்கிட்டு வந்திருக்கிறது. அதற்குக் காரணம் அரசியல் தலைவர்கள் அல்லர், நீதிபதிகள். பிறப்பால் ஆஸ்திரியரான ஒருவர் ஜெர்மனிக்குச் சென்று 1999-ல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். ஆஸ்திரியக் குடியுரிமை தானாகவே போயிற்று. தன் மீது ஆஸ்திரியாவில் மோசடி விசாரணை நடப்பதை அவர் மறைத்தது தெரிந்ததும் ஜெர்மனி கொடுத்ததைத் திரும்பப் பெற்றது. 2010-ல் அந்த வழக்கில்தான் நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது: ஒருவரின் ஒன்றியக் குடியுரிமை பறிபோகும் முடிவு ஒன்றியச் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டது, நாட்டு நீதிமன்றங்கள் அந்த இழப்பு செய்த குற்றத்துக்கு ஏற்றதா என்று எடைபோட வேண்டும். இரட்டைக் குடியுரிமை உடையவர்கள் பத்து ஆண்டுகள் ஒன்றியத்துக்கு வெளியே வாழ்ந்தால் நெதர்லாந்துக் குடியுரிமை தானாக அறுந்துவிடும் என்ற சட்டத்தை 2019-ல் பரிசீலித்தபோதும், சட்டம் செல்லும், ஆனால் தனிநபர் ஒவ்வொருவரின் நிலையையும் பார்க்காமல் அறுக்கக் கூடாது என்றது. எஸ்டோனியப் பெண்ணின் வழக்கு இந்த வரிசையில் அடுத்தது. இத்தீர்ப்புகளை நான் மதிக்கிறேன். ஆனால் இவை தருவது ஒருவரின் மனு பரிசீலிக்கப்படும் உரிமையைத்தான். வழக்கறிஞரைப் பிடிக்கவும், பல ஆண்டுகள் காத்திருக்கவும் தெம்புள்ளவரே இந்தப் பாதுகாப்பை எட்ட முடியும். நாட்டுக் குடியுரிமை போனாலும் ஒன்றியக் குடியுரிமை நிற்கும் என்று ஒரு தீர்ப்புகூடச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் அப்படிச் சொல்ல இடம் தரவும் இல்லை.

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து வெளியேறியபோது இதன் முழு விளைவையும் உலகம் பார்த்தது. பிரிட்டிஷ் குடிமகளாக 1984 முதல் பிரான்ஸில் வாழ்ந்துவந்த ஒரு பெண்ணின் வழக்கைச் சொன்னால் போதும். நாட்டைவிட்டு 15 ஆண்டுகளுக்கு மேல் வெளியே வாழ்பவருக்கு வாக்கு இல்லை என்ற அன்றைய பிரிட்டிஷ் விதியால், வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் அவர் பங்கேற்க முடியவில்லை. தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவால், 2020 பிப்ரவரி 1 முதல் அவர் ஒன்றியக் குடிமகள் அல்ல என்றாகி, தான் வாழ்ந்த பிரெஞ்சு ஊரின் வாக்காளர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். எந்த நாட்டிலும் எந்தத் தேர்தலிலும் வாக்கில்லாதவராக அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு நாடு தன் இறையாண்மையின்படி வெளியேறியதன் தானான விளைவு இது, தனித்தனியாகப் பரிசீலிக்க எதுவும் இல்லை என்று 2022 ஜூனில் நீதிமன்றம் கைவிரித்தது. வெளியேறும் உடன்பாடு ஒன்றியத்தில் வாழ்ந்த பிரிட்டிஷாருக்கு, ஏற்கெனவே வாழும் அந்த ஒரு நாட்டில் தொடர்ந்து வாழும் உரிமையைக் காத்தது. வாக்குரிமையையும், வேறோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லும் உரிமையையும் காக்கவில்லை. மறுபுறம், அயர்லாந்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தவர்கள் ஐரிஷ் குடியுரிமையைப் பதிவுசெய்துகொண்டு தப்பினார்கள். வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் 1998 பெல்ஃபாஸ்ட் உடன்பாட்டின்படி ஐரிஷ் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் அவர்களும் தப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிரான்ஸில் வாழ்ந்த வாழ்க்கை கணக்கில் வரவில்லை. பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் வந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் அடைக்கலம் பெற்றுக் குடியுரிமையும் பெற்ற ஈழத் தமிழர்கள் பலர், உறவுகளை நாடியும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் பிரிட்டனுக்குப் பெயர்ந்தது ஒன்றியக் குடியுரிமை தந்த சுதந்திரத்தால்தான். அந்தப் பாதையும் 2020 இறுதியோடு மூடிக்கொண்டது.

உறுப்பு அரசுகளின் வழியாக மட்டுமே குடியுரிமை வரும் ஏற்பாடு ஐரோப்பா புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அதன் விளைவுகள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க அரசமைப்பு முதலில் தேசியக் குடிமகன் யார் என்று வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர் விடுதலை பெற்றிருந்தாலும், ஒரு மாநிலம் அவரைத் தன் குடிமகனாக ஏற்றாலும்கூட அமெரிக்காவின் குடிமகன் ஆக முடியாது என்று தீர்ப்பெழுதினார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-ல் வந்த 14-வது திருத்தம் வரிசையைத் தலைகீழாக்கியது. அமெரிக்காவில் பிறந்தவரும் குடியேறி உரிமை பெற்றவரும் முதலில் அமெரிக்காவின் குடிமக்கள். எந்த மாநிலத்தில் வாழ்கிறாரோ அந்த மாநிலத்தின் குடிமகன் என்பது அதைத் தொடர்ந்து வருவது. ஒரு மாநிலமும் தன் மக்களில் ஒருவரை 'நீ எங்களவன் இல்லை' என்று சொல்ல முடியாத நிலை அப்போதுதான் பிறந்தது. யூகோஸ்லாவியா எதிர்த் திசையில் பாடம் சொல்கிறது. கூட்டாட்சி இருந்தவரை ஒருவர் செர்பியக் குடியரசின் பதிவேட்டில் இருக்கிறாரா, ஸ்லோவேனியப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று அன்றாட வாழ்வில் யாரும் கேட்கவில்லை. 1991-ல் ஸ்லோவேனியா பிரிந்ததும் அந்தப் பதிவேடுதான் தலையெழுத்தானது. ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காத, அல்லது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட 25,671 பேரின் பெயர்கள் 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்போர் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன. அவர்களுக்கு முறையாக அறிவிக்கக்கூட இல்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோதும் மருத்துவமனைக்குப் போனபோதும் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. வேலையையும் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் இழந்து, சிலர் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 2012-ல், ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றம் அது உரிமை மீறல் என்று அறிவித்தது. இதற்கிடையில் 2004-ல் ஸ்லோவேனியா எந்தத் தடையுமின்றி ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டிருந்தது.

ஒன்றியமே நேரடியாகக் குடியுரிமை தர வேண்டும் என்ற கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகவும் வலுவானது, ஐரோப்பிய மக்கள் என்று ஒரு மக்கள் இல்லை என்ற வாதம். 24 அலுவல் மொழிகள். பொதுவான பத்திரிகை இல்லை, பொதுவான பள்ளிக்கூடம் இல்லை. மக்களாட்சிக்கு ஒருவரையொருவர் தம்மவராக எண்ணும் சமூகம் வேண்டும், அது இன்னும் நாடுகளின் மட்டத்தில்தான் இருக்கிறது என்பது இதன் சாரம். 2015-ல் லக்ஸம்பர்க்கில் வெளிநாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரலாமா என்று கேட்டபோது, மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டவராக இருக்கும் அந்த நாட்டில் 78 விழுக்காட்டினர் மறுத்துவிட்டார்கள். இந்த உணர்வைப் பிற்போக்கு என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் இந்த வாதம் உண்மையானால், நாடுகளின் இன்றைய விதிகள் அந்தத் தம்மவர் உணர்வையே அளவுகோலாகக் கொண்டிருக்க வேண்டும். கொண்டிருக்கவில்லை. முன்னோரின் இரத்த உறவும் காலனிய காலத் தொடர்பும் நுழைவு தருகின்றன; அண்மைக்காலம் வரை கையில் உள்ள பணமும் தந்தது. இருபது ஆண்டுகள் பக்கத்து வீட்டில் வாழ்வது பல நாடுகளில் தருவதில்லை. மேலும், மக்கள் சமூகம் முதலில் தோன்றி, அதற்குப் பின் குடியுரிமை பிறக்கிறது என்ற வரிசை இந்தியரான நமக்கு நம்பக் கடினமானது. எத்தனையோ மொழிகளும், 500-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களின் பிரஜைகளும் இருந்த நிலத்தில், 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு முதலில் ஒரே குடியுரிமையைத் தந்தது; தம்மவர் உணர்வு அதைத் தொடர்ந்து, தேர்தலுக்குத் தேர்தல், தடுமாறித் தடுமாறித்தான் வளர்ந்தது.

செலவு பற்றிய எதிர்ப்பை அவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. ஒன்றியம் நேரடியாகக் குடியுரிமை தந்தால் ஏழைகள் தாராளமான நலத்திட்டம் உள்ள நாடுகளில் குவிவார்கள் என்கிறார்கள். இப்போதுள்ள ஒன்றியக் குடிமக்களுக்கே அப்படிப்பட்ட உரிமை இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் வேறோர் உறுப்பு நாட்டில் தங்க, வேலையோ போதிய வருவாயும் மருத்துவக் காப்பீடுமோ வேண்டும் என்று 2004-ம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. வேலை தேடாமல் உதவித்தொகைக்காக மட்டும் வருபவருக்கு அதை மறுக்கலாம் என்று 2014-ல் நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. இந்த வரம்புகள் அப்படியே இருக்கட்டும். புதிதாகச் சேருபவருக்கும் இவையே பொருந்தும்.

மூன்றாவது எதிர்ப்புதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. குடியுரிமை மையத்தின் கைக்குப் போவது பாதுகாப்பு என்று யார் சொன்னது? ஜெர்மனியில் ஒருவர் முதலில் பவேரியாவின், பிரஷ்யாவின் குடிமகன். அதன் வழியாகவே ஜெர்மானியர் என்ற ஏற்பாடு 1870 சட்டத்திலிருந்து தொடர்ந்தது. அதை ஒழித்து, மையத்துக்கு மட்டுமே அந்த அதிகாரத்தைத் தந்தது ஹிட்லர் ஆட்சி, 1934 பிப்ரவரியில். அடுத்த ஆண்டு நியூரம்பெர்க் சட்டம் யூதர்களை இரண்டாந்தரத் தகுதிக்குத் தள்ளியது. 1941-ல் நாட்டுக்கு வெளியே இருந்த யூதர்களின் குடியுரிமை ஒரே ஆணையில் பறிக்கப்பட்டது. நம் நாட்டிலும் குடியுரிமை முழுக்க முழுக்க ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இடமில்லை. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தன் மண்ணில் பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகளை ஏற்க ஒரு மாநிலம் விரும்பினாலும் அதனால் தீர்மானம் போட மட்டுமே முடியும். கீழ்த்தட்டின் கையில் கதவு இருந்தாலும் கொடுமை நேர்கிறது என்பதற்கு ஸ்விட்சர்லாந்து சாட்சி. ஊராட்சி, மாநிலம், கூட்டாட்சி என மூன்று தட்டுகளிலும் ஒப்புதல் வேண்டிய அந்த நாட்டில், எம்மென் நகர மக்கள் 2000-ல் விண்ணப்பதாரர்களை ஊர் வாக்கெடுப்புக்கு விட்டு, இத்தாலியரை ஏற்று, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை நிராகரித்தார்கள். 2003-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அத்தகைய வாக்கெடுப்பு அரசமைப்புக்கு முரணானது என்றது. அங்கே வாழும் பல்லாயிரம் ஈழத் தமிழர்களுக்கும் இந்தத் தீர்ப்பின் மதிப்பு தெரிந்திருக்கும்.

ஆகவே மையம் நல்லது, உறுப்பு அரசு கெட்டது என்பது என் வாதம் அல்ல. அரசுகளின் ஒன்றியத்தில் வாழும் மனிதருக்கு இரண்டு தட்டுகள் இருப்பதே ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பு அவருக்குப் பயன்பட வேண்டுமானால், சேர்க்கும் அதிகாரம் இரண்டு தட்டுகளிலும் இருக்க வேண்டும்; பறிக்கும் அதிகாரம் எந்த ஒரு தட்டுக்கும் தனியாக இருக்கக் கூடாது. ஐரோப்பாவுக்கு இதை இப்படிப் பொருத்தலாம். நாடுகள் இன்றுபோலவே தங்கள் குடிமக்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அது தானாகவே ஒன்றியக் குடியுரிமையையும் தரட்டும், ஆனால் உண்மையான வாழ்க்கைத் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற மால்டா தீர்ப்பின் வரம்புக்குள். அதோடு, ஒன்றியத்தின் நிலப்பரப்பில் குறிப்பிட்ட ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவருக்கு ஒன்றியம் நேரடியாகத் தன் குடியுரிமையைத் தரட்டும். அவர் எந்த நாட்டின் குடிமகனும் ஆக வேண்டியதில்லை. டென்மார்க்கின் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை டென்மார்க்தான் தரும். ஒருமுறை ஒன்றியக் குடியுரிமை பெற்றவர், அவருடைய நாடு அவரைக் கைவிட்டாலும், அந்த நாடே வெளியேறினாலும், தாமாக விட்டுக்கொடுக்காதவரை அதை வைத்திருக்கட்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் ஏறத்தாழ இதையே தன் மக்களுக்குச் சொன்னது: குடிமகனின் ஒப்புதல் இல்லாமல் நாடாளுமன்றம் அவரது குடியுரிமையைப் பறிக்க முடியாது.

இதற்கு ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும், 27 நாடுகளும் இசைய வேண்டும், விரைவில் நடக்காது. ஆனால் ஒப்பந்தத்தைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீண்டகாலம் வாழும் வெளிநாட்டவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 2003-ம் ஆண்டு நெறிமுறை, ஒரே உறுப்பு நாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அடிப்படை விதி வகுத்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் நெதர்லாந்திலும் பிறகு நான்கு ஆண்டுகள் ஜெர்மனியிலும் வேலை செய்த சென்னைப் பொறியாளர் ஒன்றியத்துக்குள் ஏழு ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும், வழக்கமான வேலை அனுமதியில் சென்றவரானால், எல்லையைத் தாண்டிய நாளில் அவருடைய கணக்கு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருக்கும். உயர் திறனாளர்களுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த காலத்தைக் கூட்டிக்கொள்ளும் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையை வயலில் வேலை செய்பவருக்கும் முதியோர் இல்லத்தில் பணிபுரிபவருக்கும் விரிக்க ஒப்பந்தத் திருத்தம் வேண்டாம், எல்லா நாடுகளின் ஒருமித்த இசைவும் வேண்டாம். ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர்கள் அவையும் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம். ஒன்றியம் ஒரே நிலப்பரப்பு என்று சரக்குக்கும் முதலீட்டுக்கும் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அங்கே வாழும் மனிதரின் ஆண்டுகளையும் அப்படியே எண்ணத் தொடங்குவதற்கு அவர்களைத் தடுப்பது எதுவும் இல்லை.